பெரியப்பா படுத்துத் தூங்கிய பன்னிரண்டு நாட்கள்

என் பெரியப்பா தேசிகன் முப்பத்தைந்து வருஷம் சமைத்தார். சமைத்ததில் ஒரு வாய்கூட அடுப்படியில் ருசி பார்த்ததில்லை. திருவள்ளூரில் ஒரு சின்னப் பெருமாள் சந்நிதியின் மடைப்பள்ளி அவர் பொறுப்பு. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் தளிகை, அதாவது அவருக்கான சமையல், சமைப்பவன் நாக்கில் படக்கூடாது, அவன் மூச்சும் அதன்மேல் படக்கூடாது. அதனால் மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துண்டால் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சமைப்பார். உப்புக்குக் கைதான் அளவு. நேரத்துக்குப் பாசுரம். உலை கொதித்ததும் மனசுக்குள் சொல்ல ஆரம்பிப்பார். சர்க்கரைப் பொங்கலுக்கு இருபது பாசுரம் முடிந்தால் அரிசியும் பருப்பும் குழைந்திருக்கும், வெல்லத்தைப் போடலாம். அந்தக் கணக்கு ஒரு நாளும் தவறியதில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

மடைப்பள்ளிக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் இரண்டு ஓடுகளை நகர்த்தி வைத்திருந்தார்கள், அதையும் மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் பெரியப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இரவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். படுத்தால் நெஞ்சு அடைக்கும்.

விறகு விற்கும் தொட்டியிலிருந்து சவுக்குக் கட்டை கொண்டுவந்து போடுகிற ஜெயராஜ் அவரைச் சீண்டாமல் போகமாட்டார்.

"இன்னா சாமி, உள்ள உன்னத் தேடிக்கினு கீறேன், ஆளே தெரில. இருமலு மட்டும் கேக்குது."

"பெருமாள் தெரியறாரோல்லியோ, அது போறும்."

"அவுருக்கும் கண்ணு எரியும் சாமி. வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்றாரு, அவ்ளோதான்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்: புகையை விட்டால் பிழைப்பார், விடாவிட்டால் ஐந்தாறு வருஷம். பெரியப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. பிள்ளை குட்டியும் இல்லை. பெரியம்மா ஸத்யபாமாதான் என் அப்பாவுக்கு எழுதினாள்.

அப்பா ஸம்பத்குமார் அப்போது சிம்லாவில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே நாற்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பஜனை சபை நடத்தின. சபைக்கு வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றின் கீழ்ப்பாதி. பெருமாள் படம் வைத்துப் பூஜை நடந்தது, ஆனால் தளிகை பண்ண நிரந்தரமாக ஆள் இல்லை. அப்பா காரியதரிசி துளசிராமனிடம் பேசி வைத்தார். புரட்டாசிச் சனிக்கிழமை ஒரு வேளை பெரியப்பா பண்ணிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வேலை, மேலே தங்க இரண்டு அறை. "லீவில் வந்த மாதிரி வாங்கோ அண்ணா, ஊரைப் பாருங்கோ, மற்றது தானாக நடக்கும்" என்று அப்பா எழுதினார்.

பெரியப்பா தனியாக வந்தார். கால்காவிலிருந்து வந்த சின்ன ரயிலிலிருந்து அவர் இறங்கியபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஞ்சகச்சத்துக்கு மேல் யாரோ கொடுத்த கம்பளிக் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, குல்லாவுக்கு வெளியே திருமண் பாதி.

"சிரிக்காதேடி. டில்லியில் ஒருத்தன் என்னைப் பார்த்து ராம் ராம்னு கும்பிட்டுட்டுப் போனான்."

"குல்லாவைப் பார்த்து அனுமார்னு நினைச்சுண்டிருப்பான் பெரியப்பா."

"போறது போ, புண்ணியம்தானே."

முதல் இரவே அது நடந்தது. அம்மா சுவரோரம் தலையணைகளை அடுக்கி, சாய்ந்துகொள்ளத் தோதாகப் படுக்கை போட்டிருந்தாள். காலையில் பார்த்தால் பெரியப்பா தலையணைகளைத் தள்ளிவிட்டு, கால் நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். ஏழு மணிக்கு எழுந்தவர் பயந்துபோய் உட்கார்ந்தார். "ஹேமா, நான் படுத்துண்டேனா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு வந்த நாட்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பகலில் அப்பா ஆபீஸ் போய்விடுவார். நானும் பெரியப்பாவும் மால் ரோடில் நடப்போம். முதல் நாள் இருபது அடிக்கு ஒரு தரம் நின்றவர், ஐந்தாம் நாள் என்னை முந்திக்கொண்டு ஏறினார். தேவதாரு மரங்களுக்கு நடுவே நின்று மூச்சை இழுத்து இழுத்து விடுவார், கடையில் துணியைத் தடவிப் பார்ப்பவர் மாதிரி. ஒரு குரங்கு அவர் கையிலிருந்த ஆப்பிளைப் பிடுங்கிக்கொண்டு போனது. திட்டுவார் என்று பார்த்தேன். இன்னொன்று வாங்கி அதற்கே வைத்துவிட்டு வந்தார். வெயில் படும் பெஞ்சில் உட்கார்ந்து, பெரியம்மா வந்தால் இந்த ஏற்றம் ஏறுவாளா, பால் எங்கே வாங்குவது, துளசி இந்தக் குளிரில் வருமா என்றெல்லாம் கேட்பார். சபையின் சமையலறையைக் காட்ட அழைத்துப் போனேன். சுவரோடு சுவராகக் கட்டிய புகைபோக்கிக்குக் கீழே அடுப்பு. அதற்குள் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்டி, பொகை தானே மேலே போயிடுமா?"

"போயிடும் பெரியப்பா."

"நாம ஒண்ணும் பண்ண வேண்டாமா?"

வெள்ளிக்கிழமை இரவு, பெரியப்பா தூங்கப் போனபிறகு, சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் மெல்லச் சொன்னாள்: "இங்கே அரிசி வேக நாழியாகும்னு அண்ணாகிட்டே ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ." மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூடு போதாது. சிம்லாவுக்கு வந்த புதிதில் அம்மா ஒரு மாதம் வெந்தும் வேகாத நறுக்கரிசிச் சாதம் போட்டு எங்களை அழவைத்திருக்கிறாள். பிறகுதான் குக்கர் வாங்கினார்கள். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "மடைப்பள்ளியில் முப்பது வருஷம் நின்னவருக்கு நீ அரிசி வேகவைக்கச் சொல்லித்தரப் போறியா? நன்னாயிருக்கு." அம்மா மோர்ச் சொம்பை எடுக்க உள்ளே போனாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் பெரியப்பா அந்தக் குளிரில் தலைக்குக் குளித்து, ஈரவேஷ்டியோடு சமையலறைக்குள் போனார். மடி என்பதால் வேறு யாரும் உள்ளே போகவில்லை. நான் வாசற்படிக்கு வெளியே முந்திரிப்பருப்பை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலை கொதித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். துண்டுக்குள் உதடு அசைவது தெரிந்தது. அறையில் புகையே இல்லை. துண்டுக்கு மேலே இருந்த பாதி முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, சந்தோஷமான முகம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, உருளியைக் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினார். மேலே அரிசி மலர்ந்துதான் இருந்தது. வெல்லப்பாகை எடுத்தார்.

சீக்கிரம் என்று எனக்குத் தெரிந்தது. வெல்லம் விழுந்துவிட்டால் அதன்பிறகு அரிசி வேகாது என்பதும் தெரியும். "பெரியப்பா, இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே இடது கையை உயர்த்தினார். தளிகை ஆகும்போது பேசக்கூடாது. நான் வாயை மூடிக்கொண்டேன். பாகை ஊற்றினார்.

அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.  பொங்கலை வாயில் போட்டவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். ஒரு குழந்தை மட்டும் "கல்லு" என்று துப்பியது. அதன் அம்மா அதன் தொடையில் கிள்ளினாள். துளசிராமன் தன் இலையை மடித்துவிட்டு, "மடைப்பள்ளிக் கைன்னு சொன்னீரே, ஸம்பத்" என்றார், அப்பாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஆனால் பெரியப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

கடைசிப் பந்தியில் அவர் உட்கார்ந்தார். ஒரு கவளம் எடுத்து மென்றார். பிறகு இலையில் இருந்த அத்தனையையும், ஒரு பருக்கை விடாமல், மென்று விழுங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "அண்ணா, இது ரேஷன் அரிசி. பாழாப்போன அரிசி." அம்மா அப்பாவையே பார்த்தாள். இப்போதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தது எனக்குப் புரிந்தது. அப்பா சொல்லவில்லை. முந்தின நாள் சிரித்த சிரிப்பு அவர் வாயை அடைத்துவிட்டது. அப்பாவை மீறி அம்மா சொல்லமாட்டாள். எனக்கு என்ன தடை என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். வெல்லம் விழுவதற்கு முன்னால் சொல்லாதவள் விழுந்தபிறகு எந்த முகத்தோடு சொல்வது? அவ்வளவுதான்.

துளசிராமன் கெட்ட மனுஷர் இல்லை. அடுத்த சனிக்கிழமை இன்னொரு தரம் பண்ணட்டும் என்று மறுநாளே சொல்லி அனுப்பினார். அப்பா ஓட்டமும் நடையுமாக வந்து அதைச் சொன்னபோது பெரியப்பா வேஷ்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்டா ஸம்பத்து. அங்கே முப்பது வருஷம் வெந்த அரிசி இங்கே வேகலைன்னா என்ன அர்த்தம்? எங்கே கிளம்பிட்டேன்னு பெருமாள் கேக்கறார். திரும்பி வான்னு சொல்றார். சௌக்கியத்துக்கு ஆசைப்பட்டு வந்தவன் கையால அவர் சாப்பிடமாட்டார்."

"அண்ணா, அப்படியெல்லாம் இல்லை..."

"பின்னே எப்படி?"

அப்பாவிடம் பதில் இருந்தது. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மூன்றாம் நாள் பெரியப்பாவை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம்.

அதன்பிறகு நான் எங்கெங்கோ போனேன். ஷில்லாங்கில் டைப்பிஸ்ட், நாக்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், கொஞ்ச நாள் நேப்பாளம். ஓர் ஊரிலும் இரண்டு வருஷம் தங்கவில்லை. எழுபத்து நாலு ஐப்பசியில் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கியபோது என்னை முதலில் கண்டுகொண்டவர் ஜெயராஜ். விறகுத் தொட்டியை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்டரிக்குப் போகிறார். காக்கிச் சட்டை போட்டிருந்தார். மாமியார் வீட்டுக்கு வந்தாராம்.

"இன்னா பாப்பா, ஊட்டாண்ட வர வயி தெரிஞ்சிச்சா? போய் சாமியப் பாரு. படுத்த படுக்கையா கீறாரு. இல்ல, படுக்கக்கூட முடில, குந்திக்கினே கீறாரு." தலையைச் சொறிந்துகொண்டார். "எங்க பாய்லராண்ட கூட அம்மாம் பொகை இல்ல பாப்பா. நான் கொண்டாந்து போட்ட கட்டதான் எல்லாம்."

பெரியப்பா எலும்பாக இருந்தார். ஐம்பத்தொரு வயது, எழுபது மாதிரித் தெரிந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை. சிம்லாவைப் பற்றி அவராகவே பேசினார். "நான் போயிருக்கவே கூடாதுடி. பெருமாள் தடுத்து அழைச்சுண்டு வந்துட்டார். அவர் கூப்பிட்டார், வந்தேன், செஞ்சேன். இதுவரைக்கும் நடந்தது எல்லாம் அவர் கணக்கு."

அதைக் கேட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆறு வருஷம் சுமந்ததை இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றும் நினைத்துக்கொண்டேன். அவர்மேல் தப்பில்லை, பெருமாள் கோபிக்கவும் இல்லை, மலைமேல் தண்ணீர் அப்படித்தான், அங்கே எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் போர்வையிலிருந்து கையை வெளியே எடுத்தார். பிறகு விரல் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

"அப்போ இன்னும் எத்தனை நாழி வெந்திருக்கணும்?"

"கால் மணி இருக்கும் பெரியப்பா."

"பத்துப் பாசுரம்," என்றார். "பன்னிரண்டுன்னு வச்சுக்கோ." மறுபடி எண்ணினார். "அவ்வளவுதானா?"

பெரியம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கத்தவில்லை. "எதுக்குடி சொன்னே? பெருமாள் கூப்பிட்டுண்டார்னு நினைச்சுண்டுதானே இத்தனை வருஷம் இருமினார்? இனிமே எதை நினைச்சுண்டு இருமுவார்?"

எழுந்து நடக்க முடியாமல் போனபிறகும், காலையில் சந்நிதி மணி கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பெரியப்பா கைகூப்புவாராம். மறுநாள் மணி அடித்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. கை போர்வைக்குள்ளேயே இருந்தது. நான் அந்த வீட்டில் இருந்த எட்டு நாளும் அப்படித்தான்.