ஆவி படிந்த கண்ணாடியோடு கண்டக்குழிக்கு

இந்த நவம்பரில் என் சிநேகிதி ரிஸானாவுக்குக் கண்டக்குழியில் நிக்காஹ். கம்பஸில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். "மழை நாள், பஸ்ஸில வா" என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்துப் பாதைகளை அகலமாக்கி வருகிறார்கள், நீர்கொழும்பிலிருந்து ஸ்கூட்டரிலேயே போய்ப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை. மழைக்காலத்தில் அப்படிப் போக நினைப்பவர்கள், முக்கியமாக என்னைப் போல மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள், இதை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பாதை சுலபம். சிலாபம், முந்தல், மதுரங்குளி, பிறகு பாலாவி. பாலாவியில் இடது பக்கம் திரும்பினால் கற்பிட்டிப் பாதை. எல்லாமாகக் கிட்டத்தட்ட 125 கிலோமீற்றர். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டேன். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து நிக்காஹ் என்பதால் நேரம் தாராளமாக இருந்தது. கல்யாணத்துக்குக் கட்டவிருந்த சாரியை மூன்று பொலித்தீன் பைகளுக்குள் சுற்றி இருக்கைக்குக் கீழே வைத்திருந்தேன். என் முகத்துக்கு முன்னால் இருந்த ஹெல்மெட் கண்ணாடியைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அது வெயிலுக்கென்று வாங்கிய கறுப்புக் கண்ணாடி.

முந்தலில் மழை பிடித்தது. கண்ணாடியை மூடினால் என் மூச்சே ஆவியாகப் படிந்தது, மூக்குக் கண்ணாடியிலும் சேர்த்து. திறந்தால் மழைத்துளி ஊசி மாதிரிக் குத்தியது. மதுரங்குளிச் சந்தியில் நிறுத்தி ஒரு பிளேன்டீ குடித்தேன். கடைக்காரர் கொடுத்த கடதாசியால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்ததும் தெளிவாகத்தான் இருந்தது. அடுத்த வளைவுக்குள் பழையபடி.

"எங்க போறீங்க?" என்று கேட்டார் அவர்.

"கண்டக்குழிக்கு."

"அங்கால மழை இன்னும் கூட. மெதுவாப் போங்க."

மெதுவாகத்தான் போனேன். பாலாவி தாண்டிய பிறகு பாதையோரத்து வெள்ளைக் கோடு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி ஓடினேன். வலது பக்கம் களப்பின் நீர்ப்பரப்பு இருந்திருக்கும். நான் காணவில்லை.

பள்ளிவாசல்துறைக்குக் கொஞ்சம் முன்னால், மழைச் சத்தத்துக்குள் ஒரு ஆண் குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. பயத்தில் பிரேக்கை அழுத்தினேன். ஸ்கூட்டர் வழுக்கி, பக்கவாட்டாக இழுபட்டு நின்றது. கண்ணாடியைத் தூக்கினேன். கையை நீட்டினால் தொடும் தூரத்தில், இடுப்பில் நனைந்த சாரத்தோடு ஒருவர் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் பாதை இல்லை.

உண்மையாகவே இல்லை. மதகு திருத்துவதற்காக அந்த இடத்தில் பாதையை வெட்டி, பக்கத்தில் கிரவல் மண் கொட்டித் தற்காலிகமாக ஒரு வழி போட்டிருந்தார்கள். இரவு பெய்த மழை அந்த வழியை அடித்துக்கொண்டு போய்விட்டது. எச்சரிக்கைப் பலகையும் போய்விட்டது. கீழே மண்ணிறத் தண்ணீர் இரைந்து ஓடியது.

"அல்லாஹ்வே! எவ்வளவு நேரமாக் கத்துறன்! கண்ணு தெரியலையா புள்ள?"

"தெரியல நானா" என்றேன். அங்கே அண்ணனை நானா என்பார்கள். அவரே ஸ்கூட்டரைப் பிடித்து ஓரமாக விட்டார்.

அவர் பெயர் நவ்ஷாத். சின்ன வயதில், தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து யுத்தத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்தவர். மதகுக்குப் பக்கத்திலேயே வீடும் வெங்காயத் தோட்டமும். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, மோட்டார் சைக்கிளோடு ஒருவர் அந்தக் குழிக்குள் கிடந்திருக்கிறார். கால் முறிந்த அவரைத் தூக்கி த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அப்போதிருந்து அங்கேயே நிற்கிறார். பெரிய வாகனங்களைத் திருப்பி அனுப்பினார். மோட்டார் சைக்கிள்களுக்காகத் தன் வேலியைப் பிரித்து வழி விட்டிருந்தார். தோட்டத்துக்குள்ளால் போய், வாய்க்காலுக்கு மேல் போட்டிருந்த தென்னங்குற்றிப் பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் ஏறலாம். நட்டுச் சில நாட்களே ஆன வெங்காயப் பாத்திகள் நடுவே டயர்த் தடங்கள் சேறாகிக் கிடந்தன.

அவருடைய மனைவி சிஃபாயா என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, துவாயும் சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணியும் தந்தார். கல்யாணத்துக்குப் போய் மறுநாள் திரும்புவதாக இருவரிடமும் சொல்லியிருந்தேன். என் ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தார்.

"மழைக்குக் கறுப்புக் கண்ணாடியா?"

"வெயிலுக்கு வாங்கினது தாத்தா." அந்தப் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நான் பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போற ஆள். என்ட ஹெல்மெட்டக் கொண்டு போங்க. நாளைக்குத் திரும்பி வரக்குள்ள தந்தாப் போதும்."

அவருடையது நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடி. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு சொட்டை உட்பக்கத்தில் விரலால் தேய்த்து, மென்மையான துணியால் மினுங்கும்வரை துடைத்தார். இதை நானும் எங்கோ வாசித்திருக்கிறேன். செய்ததுதான் இல்லை.

புறப்படலாமென்று வெளியே வந்தேன். நவ்ஷாத் நானா அதே இடத்தில் நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. லுஹருக்கு பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. அவர் பள்ளிவாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார், பாதையை ஒருமுறை பார்த்தார், நகரவில்லை.

"நீங்க போய் உடுப்பு மாத்தித் தொழுதிட்டு வாங்க நானா. நான் நிக்கிறன்."

"உங்களுக்குக் கல்யாணத்துக்குப் பிந்தும்."

"பிந்தட்டும்."

ரிஸானாவுக்கு அழைத்துச் சொன்னேன். "நிக்காஹ் முடிஞ்சா முடியட்டும், நீ முழுசா வந்து சேர்" என்றாள்.

என் மஞ்சள் மழைக்கோட்டோடு பாதை நடுவில் நின்றேன். அப்போதுதான் என்னையே நான் பார்த்தேன். வருகிற எல்லோரும் என்னைப் போலவே தலை குனிந்து, கண்ணாடிக்குள் வெள்ளையாக ஆவி மூடி, ஒன்றும் தெரியாமல் வந்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிளில் தகப்பன், தாய், நடுவில் ஒரு குழந்தை. நான் கத்தினேன், கையை வீசினேன். வேகம் குறையவில்லை. இன்னும் முன்னால் ஓடிப்போய் மழைக்கோட்டைக் கழற்றி ஆட்டினேன். நின்றார்கள். தகப்பன் கண்ணாடியைத் தூக்கிக் குழியைப் பார்த்தார். குழந்தையின் தலையில் கை வைத்தார். அந்தத் தாய் இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன்.

நவ்ஷாத் நானா உலர்ந்த உடுப்போடு திரும்பி வந்ததும் தோட்டத்துக்குள்ளால் போனேன். முடிந்தவரை பாத்திகளை மிதிக்காமல் ஸ்கூட்டரை உருட்டினேன். இரண்டு மணிக்குக் கண்டக்குழி. சாரி நனையவில்லை. நான்தான் தொப்பலாக நனைந்திருந்தேன். ரிஸானா மணப்பெண் உடுப்போடு எழுந்து வந்து என் தலையைத் துவட்டிவிட்டாள். புரியாணி எனக்கென்று மூடி வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ரிஸானாவின் உம்மா தந்த வட்டிலப்பமும். கிரவல் கொட்டி வழியைச் சரிசெய்திருந்தார்கள். நவ்ஷாத் நானா பாத்திகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். "நேற்று நீங்க இல்லாட்டி..." என்று தொடங்கினேன். "ஊருக்குப் போய்ச் சேந்ததும் ஃபோன்ல ஒரு கோல் எடுங்க" என்றார், அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கறுப்புக் கண்ணாடியை மழைக்கு வீட்டில் விட்டுவிடுங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உட்பக்கத்துக்குப் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு போதும், நன்றாகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் எரியும். கடதாசியால் துடைக்காதீர்கள். ஓடும்போது கீழே ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் மூச்சு வெளியே போகும். மூக்குக் கண்ணாடிக்கும் அதே சோப்புத்தான். இவ்வளவு செய்தும் தெரியவில்லையென்றால் நிறுத்துங்கள். அந்தக் கரையில் எந்த வீட்டு வாசலிலும் ஒதுங்கலாம், தேத்தண்ணி தராமல் விடமாட்டார்கள்.

முன்னால் உங்களுக்காக ஒருவர் மழையில் நனைந்துகொண்டு கை காட்டி நிற்கக்கூடும். அவரைக் காண்பதற்காகவாவது அந்தக் கண்ணாடி தெளிவாக இருக்கட்டும்.