மாதம் ஒரு கிண்ணம் செண்டோல்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு யாரைக் கட்டிவைப்பது, வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது, வாசல் ரம்புத்தான் மரத்தை எப்போது வெட்டுவது என்பதையெல்லாம் முடிவு செய்தவர் என் மாமியார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்து, நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். என்னை மாப்பிள்ளையாகத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். அவர் முடிவுகளில் தவறிப்போனது அது ஒன்றுதான் என்று என் பெரிய மச்சான் சொல்வார். நான் மறுத்ததில்லை.

அப்படிப்பட்டவரையும் அடக்க ஓர் ஆள் இருந்தது. என் மனைவி. அத்தைக்கு இனிப்புநீர் என்று தெரிந்த நாளிலிருந்து, விரலில் குத்தி அளக்கும் கருவியோடு காலையும் மாலையும் போய் நிற்பாள். சீனி டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அத்தை சீனி போடாத தே ஓவை, பால்கூட இல்லாத அந்தத் தேநீரை, கஷாயம் மாதிரி குடித்தார்.

மாதம் ஒருமுறை அவரை கிளினிக்குக்கு அழைத்துப் போவது என் வேலை. எழுதுகிறவன் வீட்டில் சும்மாதானே கிடக்கிறான் என்பது குடும்பத்தின் கணிப்பு. சரியான கணிப்புதான். முதல் மாதம், ரத்தம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறியவர், "மாப்ள, டவுனு பக்கமா போங்க" என்றார். போனேன். தேங்காய்ப்பாலில் ஐஸ் சீவிப்போட்டுத் தரும் ஒரு செண்டோல் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார்.

"அத்த, சுகரு..."

"ரத்தந்தான் குடுத்தாச்சே. இனிமே அடுத்த மாசந்தானே பாப்பாங்க?"

"சாயந்தரம் உங்க மக அளப்பாளே?"

"கிளினிக்ல குத்துன கையி வலிக்குது, இன்னிக்கு விடுன்னு சொல்லிட்டா போச்சு. நீங்களும் சாப்புடுங்க. ஐஸ் உருகிப்போச்சுன்னா அப்பறம் அது செண்டோலே இல்ல."

இந்தத் தர்க்கத்துக்கு முன்னால் நான் படித்த புத்தகங்கள் ஒன்றும் உதவவில்லை. இரண்டு கிண்ணம் வந்தது. அடியிலிருக்கும் குலா மலாக்கா வெல்லப்பாகைக் கிளறிவிட்டு, கடைசிப் பயறு வரை துழாவிச் சாப்பிடுவார். அந்த அரைமணி நேரம் யாருக்கும் எந்த உத்தரவும் போடமாட்டார். ஆறு வருடம், அவரும் நானும் ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை.

போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். எண்பத்தோரு வயது, இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் படையலைப் பூசாரியின் பட்டியல்தான் நடத்தியது. முதல் வருடத் திதிக்கு, புக்கிட் காத்தில் என்ற ஊரிலுள்ள அத்தை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது மனைவி சொன்னாள்: "இந்தத் தடவ அம்மாவுக்கு உண்மையிலயே புடிச்சத வைக்கணும்."

மச்சான் நண்டுப் பிரட்டல் என்றார். நண்டு பிடித்தது மச்சானுக்கு. மனைவி உளுந்து வடை என்றாள். அதுவும் அவளுக்குப் பிடித்ததுதான். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "எனக்கும் அதுதான் புடிக்கும்" என்று சொல்லியே சமைத்தவர் அத்தை.

"அம்மாவுக்கு என்னா புடிக்கும்னே நமக்குத் தெரியலல்ல?" என்றாள் மனைவி.

வாயைத் திறந்தால் ஆறு வருடத் துரோகம் வெளியே வரும். திறக்காவிட்டால் அத்தை முன்னால் நண்டு இருக்கும்.

"செண்டோல்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். கிளினிக், கடை, வலிக்கிற கை, எல்லாம்.

"எத்தன கிண்ணம்?"

"ஒண்ணு. தீபாவளி மாசம் ரெண்டு."

மச்சான் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. "போய் வாங்கிட்டு வாங்க. ஐஸத் தனியா கட்டச் சொல்லுங்க" என்றாள்.

அத்தை படத்துக்கு முன்னால் இலையில் சோறு, நண்டு, வடை, நடுவில் செண்டோல். சாமி கும்பிட்டுவிட்டு, அத்தை வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம். வழக்கமாகக் கொஞ்ச நேரம் நிற்பார்கள். மனைவி இரண்டு நிமிடத்திலேயே, "கதவத் தட்டுங்க, ஐஸ் உருகிடும்லா" என்றாள். நாங்கள் வருவது அத்தைக்குத் தெரியட்டும் என்று மூன்று முறை தட்டித் திறந்தோம்.

பாதி உருகியிருந்தது. கிண்ணத்தை அவளே எடுத்து, அடியிலிருந்து கிளறி, நின்றபடியே கடைசிப் பயறு வரை சாப்பிட்டாள். எனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கை நீட்டினேன்.

"போன வருஷம் ஒங்களுக்கும் இனிப்புநீருன்னு டாக்டர் சொன்னப்ப, எங்க வம்சத்துலயே இல்லையேன்னு முழிச்சீங்கல்ல? இப்பத்தான் எனக்குப் புரியுது."

சொல்லிவிட்டு உள்ளே போய், சீனி போடாத தே ஓ ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை படத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.