இரண்டு மணி நேரத்துப் பம்பாய்

எனக்குக் கல்யாணம் பேசியபோது இரண்டு இடம் வந்தது. ஒருவருக்கு மூணாறுக்கு மேலே மாட்டுப்பட்டிப் பால்பண்ணையில் வேலை. இன்னொருவருக்குப் பம்பாயில் மில் வேலை. மாட்டுப்பட்டியே போதும் என்றாள் அம்மா. நல்லது கெட்டது என்றால் பெண் பஸ் ஏறியாவது வந்து சேர்ந்துவிடுவாளாம்.

அப்பாவுக்கு எங்கள் கடலைக்காட்டுக்கு மேலே பறப்பதைத் தவிர விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கோயம்புத்தூர் பீளமேட்டில் விமானம் ஏறிப் போய்வந்த பங்காளி ஒருவர் சொன்ன கணக்கு அவர் மண்டையில் ஏறிவிட்டது.

“மூணாறுக்கு மலையேறிப் போறதுக்குப் பகல் பூராவும் ஆகுது. பம்பாய்க்கு ஏரோப்ளேன்ல ரண்டு மணி நேரம். இதுல எது கிட்ட, நீயே சொல்லு” என்றார் அம்மாவிடம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முணுமுணுத்தாள் அம்மா. அப்பா அசையவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பம்பாய் என்றுதான் சொல்லியிருப்பேன், கடல் பார்க்கிற ஆசையில். இருந்தாலும் கேட்காததற்கு இன்றுவரை எனக்குக் கோபம்தான்.

போன பிறகல்லவா தூரம் தெரிந்தது! வீட்டுக்காரர் சம்பளத்துக்கு விமானத்தின் சத்தம் மட்டுமே எங்களுக்குக் கிடைத்தது. ஊருக்கு வர இரண்டு ராத்திரி ரயில். தங்கை கல்யாணத்துக்கு வர முடியவில்லை. தலைப்பிரசவத்துக்கும் முடியவில்லை, அம்மா கைச் சோற்றுக்கு ஏங்கி, ஆஸ்பத்திரி ரொட்டியைத் தின்றுகொண்டே அழுதேன். ரண்டு மணி நேரம்னீங்களே, எங்கீங்கப்பா அது என்று கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும். அவர் எனக்கென்று இளநீர் சீவிக்கொண்டு நிற்பார். அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

பிறகு ஒருநாள், அப்பா கவலைக்கிடம், உடனே வா என்று தந்தி. வீட்டுக்காரர் எங்கெங்கோ ஓடி விமான டிக்கெட்டோடு வந்தார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு விடியற்காலையில் கிளம்பினேன். பறந்த நேரம் என்னவோ இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம்தான், அதை யார் மறுத்தது? நடுவே பெங்களூரில் இறக்கி, ஏதோ கோளாறு என்று உச்சி வெயில் சாயும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் கார் பிடித்தேன். எங்கள் ஊர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். எல்லையில், வாளையார் செக்போஸ்ட்டில் சிமெண்ட் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. டிரைவர் சாவகாசமாகப் பீடி பற்றவைத்தார். இறங்கி, லாரிகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தேன். செருப்பு அறுந்துபோனது. அப்பாவைச் சத்தமாகவே திட்டிக்கொண்டு போனேன். உயிரோடு இருந்தால் இன்றைக்குக் கேட்டே தீர்வது என்று இருந்தேன். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் கிடைத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் அந்தி விளக்கு வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு மூச்சு இருந்தது. பிள்ளையைத் தூரத்தில் தள்ளிவிட்டேனே என்று காலையிலிருந்து அதையே புலம்புகிறார் என்றாள் அம்மா. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏரோப்ளேன்லயா வந்த, அம்முணி?”

“ஆமாங்கப்பா.”

“எத்தன நேரமாச்சு?”

மற்றக் கையிலிருந்த செருப்பை முதுகுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டேன்.

“ரண்டு மணி நேரந்தானுங்கப்பா” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மெல்ல அம்மா பக்கம் திரும்பினார்.

“நாஞ் சொல்லல?”

அம்மா என் புழுதிக் காலையும் கையிலிருந்த அறுந்த செருப்பையும் பார்த்தாள்.

“சொன்னீங்க” என்றாள். “பம்பாய் கிட்டத்தானுங்க.”