சட்டை முதுகில் வெள்ளை பெயிண்ட்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் போனால், இடது பக்கம் காலி கண்டெய்னர்கள் ஐந்தடுக்காக நிற்கிற ஒரு யார்டு வரும். அது என்னுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிற லாரி டிரைவர்களில் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் பெட்டிகள் என்னிடம் வரும். கழுவுவோம். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவோம். ஓட்டைக்குத் தகடு வைத்து வெல்டிங் அடிப்போம். பெட்டியின் எண் அழிந்திருந்தால் தகர அச்சை வைத்து வெள்ளை பெயிண்டால் மறுபடி எழுதுவோம். அப்புறம் அடுக்கி வைப்போம். கப்பலுக்குப் போகிறவரை அதுதான் அதன் வாழ்க்கை.

காலை எட்டு மணிக்கு அட்டெண்டன்ஸ். சூப்பர்வைசர் இரண்டு பேர் இருந்தும் அதை நான்தான் எடுப்பேன். லாரி இரைச்சலில் வெறும் குரல் எடுபடாது என்று மைக் வைத்து, ஆபீஸ் கூரைமேல் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். பின்னால் இருக்கிற சந்து முழுக்கக் கேட்கும். நம்ம ஊர் ஆட்கள் பதினாலு பேர். கொருக்குப்பேட்டைக்காரர்கள் இரண்டு பேர், முகத்துவாரக்குப்பத்திலிருந்து நாலு பேர், மிச்சம் அக்கம்பக்கம். இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். வடக்கத்தி ஆட்கள் இருபத்துமூன்று பேர். ஒடிசா, பீகார், வங்காளம் என்று பல ஊர். நாங்கள் மொத்தமாக ஹிந்திக்காரன் என்போம். இவர்களை நம்பர் சொல்லிக் கூப்பிடுவேன். யார்டு சட்டையின் முதுகில் ஒரு சாண் உயரத்துக்கு நம்பர் இருக்கும். பெட்டிக்கு எழுதுகிற அதே அச்சு, அதே பெயிண்ட். உப்புக்காற்றுக்கும் அசையாத பெயிண்ட் அது.

பதினேழு என்பவன் ஒடிசாக்காரன். பன்னிரண்டு வருஷம் என்னிடம் இருந்தான். பெட்டி கழுவ வந்தவனை ஸ்டாக்கர் வண்டியில் ஏற்றியது நான். கண்டெய்னரைத் தூக்கி அடுக்குகிற பெரிய வண்டி அது. கை கொஞ்சம் பிசகினால் கீழே நிற்பவன் காலி. அவன் கையில் அந்த வண்டி பெட்டியை வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. எண்ணூர் பக்கத்து யார்டுகளில் அவனைப் போல் வண்டி ஓட்டுகிறவன் கிடையாது. கண்டுபிடித்தவன் நான்.

போன வருஷம் வெயில் காலத்தில் ஒரு நாள், டீ நேரத்தில் கிளாஸோடு வந்து நின்றான். எங்கள் யார்டிலேயே தமிழ் பழகியவன், அதனால் எங்களைப் போலவேதான் பேசுவான்.

"நைனா, ஒரு விசயம்."

"இன்னா, ஊருக்குப் போணுமா?"

"இல்ல நைனா. ஊர்லேர்ந்து வர்றாங்க. வூட்டுக்காரியும் பொண்ணும். பின்னால சந்துல ரூம் பாத்துக்கீறேன். பொண்ண இங்கியே இஸ்கூல்ல சேக்கப்போறேன்."

"நல்லதுதானே. அட்வான்ஸ் எதுனா வோணுமா?"

"வோணாம். நீ மைக்ல பதினேழுன்னு கூப்புடுறது அந்த ரூமுக்கு நல்லாவே கேக்குது. பொண்ணுக்கு ஏழு வயசு. வந்த ஒரே மாசத்துல தமிழ் புரிஞ்சுக்கும். அதான்... பேர் சொல்லிக் கூப்புடேன் நைனா."

அவன் கேட்டது அவ்வளவுதான். நான் பதில் சொல்லி முடிக்கும்போது அவன் கையிலிருந்த டீ ஆடை கட்டியிருந்தது.

அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொன்னேன். வெள்ளத்தில் இருபது பேரை என் வீட்டு மாடியில் தங்க வைத்ததைச் சொன்னேன். கொரோனாவில் மற்ற யார்டுக்காரர்கள் கேட்டைப் பூட்டிக்கொண்டு போனபோது மூன்று மாசம் அரிசியும் பருப்பும் இறக்கியதைச் சொன்னேன். ரம்ஜானுக்கு, தீபாவளிக்கு, அவர்களுடைய விஸ்வகர்மா பூஜைக்குக்கூட பிரியாணி போட்டதைச் சொன்னேன். எல்லாம் நிஜம். ஒன்றிலும் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

கடைசியில், "நான் இன்னா உங்கள அடிமையாவா வெச்சிகினுகீறேன்?" என்றேன்.

"அந்த வார்த்தைய நான் சொல்லலியே நைனா."

ஆமாம், அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டதால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. "டேய், நானே ஹார்பர்ல நாப்பத்தொண்ணாம் நம்பர்டா. செத்தா பூட்டேன்?" என்று என் கதையை ஆரம்பித்தேன்.

அந்தக் கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயசில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். கழுத்தில் பித்தளை வில்லை, அதில் நாற்பத்தொன்று. எங்கள் மேஸ்திரி நாலு வருஷத்தில் ஒரு தபாகூட என் பெயரைச் சொன்னதில்லை. "ஏய் நாப்பத்தொண்ணு, கரிக்கட்ட, இங்க வாடா" என்பான். பிறகு நான் லாரி வாங்கி நாலு பேருக்கு வேலை கொடுக்கிற காலத்தில், அதே மேஸ்திரி தன் மகனுக்கு வேலை கேட்டு வந்து நின்றான். "குடுக்கிறேன். மொதல்ல என் பேரு இன்னா, சொல்லு" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. தலை குனிந்தான். வேலையைக் கொடுத்து அனுப்பினேன். இந்த இடத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள். கல்யாணங்களில் சொல்லியிருக்கிறேன், சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பொரி கொடுப்பதற்கு முன்னால் யார்டு ஆட்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்வேன்.

"தெரியும் நைனா," என்றான் பதினேழு. "பன்னெண்டு ஆயுத பூஜையா கேட்டுகினுதான கீறேன்."

"அப்போ புரியுதுல்ல?"

"நல்லா புரியுது." கிளாஸைக் கழுவி வைத்தான். "காட்டுப்பள்ளி யார்டுலேர்ந்து கூப்ட்டுகினே கீறாங்க நைனா. எனக்குத்தான் போவ மனசு இல்ல."

மிரட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அவன் வண்டிக்குப் போய்விட்டான்.

மதியம் ராயபுரத்து வீட்டில் சாப்பிடும்போது என் மனைவியிடம் இதைச் சொன்னேன். எனக்குச் சாதகமாகத்தான் சொன்னேன். அவள் மீனை என் தட்டில் வைத்துக்கொண்டே, "பேர சொல்லிக் கூப்ட்டா இன்னா கொறஞ்சிடுது?" என்றாள்.

"ஒரே பேர்ல ரெண்டு பேர் கீறானுங்க. கொழப்பம்."

"நம்ம ஆளுங்கள்ல ஒரே பேர்ல மூணு பேரு. குட்டை, நெட்டை, தாடின்னு வெச்சிக்கீற. அவனுங்களுக்கு நம்பர் போட்டியா?"

"எனக்கு அவன் இவன்னு வித்தியாசமே கெடயாது. எல்லாரும் ஒண்ணுதான்."

"அவனுங்களுக்கு எல்லாம் ஒரே மூஞ்சின்னு போன வாரம் யாரு சொன்னது?"

"அது சும்மா பேச்சுக்கு."

"ஒன்ன கரிக்கட்டன்னு சொன்னவனும் சும்மா பேச்சுக்குத்தான் சொல்லியிருப்பான். நீ அம்பது வருசமா அத சொல்லிகினுகீற. இன்னொரு துண்டு வைக்கவா?"

வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். உண்மையில் வேண்டியிருந்தது. வஞ்சிரம்.

அவன் மனைவியும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். மறுநாள் எட்டு மணிக்கு மைக்கைப் பிடித்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னலோடு, அப்பாவின் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் நம்ம ஆட்களின் பெயர்களை முடித்தேன். பிறகு ஒன்று, இரண்டு என்று போய், "பதினேழு" என்றேன்.

வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். பழக்கத்தில் வரவில்லை. என்ன செய்கிறான் பார்ப்போம் என்று வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன்.

அவன் எனக்கு எதிரில் பத்தடியில் நின்றான். பதில் சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவையும் கூப்பிட்டேன். ஸ்பீக்கர் அதைச் சந்து முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பெண் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். அவன் நடந்து வந்து ஸ்டாக்கர் வண்டிச் சாவியை என் மேஜை மேல் வைத்தான். கோபமாக வைக்கவில்லை, பெட்டியை வைப்பது போல, சத்தமில்லாமல் வைத்தான். வெளியே நாற்பது லாரி நின்றது.

இந்த இடத்தில், என் மனைவிக்குக்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்பர் எப்படி வந்தது என்பது.

முதன்முதலில் ஏழெட்டு வடக்கத்தி ஆட்கள் வந்தபோது நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் ஒருவன் பெயரை மைக்கில் சொன்னதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். நம்ம ஆட்களும் எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்கள். என் வாயில் அது எப்படி வந்ததோ, இன்றுவரை தெரியாது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்ன அன்றும் வகுப்பு இப்படித்தான் சிரித்தது. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. யார்டுக்குப் போகாமல் இருக்க முடியாது, அது என்னுடையது. அதனால் தகர அச்சையும் பெயிண்ட் டப்பாவையும் எடுத்துவரச் சொன்னேன். குழப்பம், பாதுகாப்பு, வசதி எல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்ட காரணங்கள். பிரஷ்ஷைப் பிடித்தது பெயிண்டர். எழுதச் சொன்னது நான். வேறு யாரும் சொல்லவில்லை.

சாவியைப் பார்த்தேன். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் அவன் பெயரைச் சொன்னேன்.

சிரித்தார்கள். முதலில் சிரித்தது அந்தச் சின்னப் பெண். கேட்டிலிருந்தே ஏதோ கத்தினாள், அவன் அதைத் தமிழில் சொன்னான்: "தப்பாம் நைனா. இன்னொரு தபா சொல்லணுமாம்."

இன்னொரு தபா சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூன்றாம் தடவை அவள் தலையை ஆட்டினாள், போனால் போகட்டும் என்கிற மாதிரி. அவன் "வந்துட்டேன் நைனா" என்று சாவியை எடுத்துக்கொண்டான்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். "பதினெட்டு" என்றேன். பதினெட்டு வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பதும் திறக்கவில்லை. முன்னாலேயே பதில் சொல்லிவிட்ட பதினாறு பேரும் நாங்கள் இன்னும் வரவில்லை என்றார்கள், என் கண் முன்னால் நின்றுகொண்டு. ஒவ்வொருவனாகப் பெயர் கேட்டு, மைக்கில் சொல்லி, சிரிப்பை வாங்கி, திருத்தி, மறுபடி சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. லாரிக்காரர்கள் அடித்த ஹாரன் முகத்துவாரம் வரை கேட்டிருக்கும். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே வாத்தியார் வேலை பார்த்தாள்.

சட்டைகளைத் தின்னர் போட்டுத் துடைத்தோம். நம்பர் போனது, வெள்ளைத் திட்டு போகவில்லை. புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். அவன் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. கொஞ்ச நாள் அதில் எனக்கு வருத்தம் இருந்தது. எதற்கு நன்றி என்று யோசித்துப் பார்த்ததில் வருத்தம் போய்விட்டது. மன்னிப்பு என்று நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க நாலைந்து தபா ஆரம்பித்தேன். ஒவ்வொரு தபாவும் அது மஞ்சள் காமாலைக் கதையில் போய் முடிந்தது.

ஆயுத பூஜைக்கு மேஸ்திரி கதையைச் சொன்னேன். நல்ல கதை, விடுவதற்கு மனசில்லை. ஆனால் எல்லோரும் எதிரிலேயே நின்றதால், முடிவில் பெயிண்ட் டப்பாவையும் பள்ளிக்கூடத்தில் சிரித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கைதட்டல் பாதிதான். பொரி எப்போதும் போல் தீர்ந்தது.

பொங்கல் கழிந்து அவன் காட்டுப்பள்ளி யார்டுக்கே போய்விட்டான். அங்கே வண்டி புதுசு, சம்பளம் கூட. அவன் இடத்தில் நான் இருந்தால் முன்னாலேயே போயிருப்பேன். ரூமை மட்டும் மாற்றவில்லை, பெண்ணுக்கு இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்தபோது போன் போட்டேன். "ஒன்ன பத்தி எழுதிகினுகீறேன். பதினேழுன்னே போட்டுகினு போறது நல்லா இல்ல. பேர போட்டுடவா?"

அவன் ஸ்டாக்கர் வண்டியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"வோணாம் நைனா," என்றான். "நீ தப்பா எழுதுவ."