டென்த் ஃபெயில் மாமாவின் எட்டாம் வகுப்பு

எங்கள் ஊரில் என் அப்பா வயது ஆண்களிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "டென்த் ஃபெயிலுங்க" என்பார்கள். அதில் வெட்கம் துளியும் இருக்காது. பத்தாவது வரை போனவன், பரீட்சையும் எழுதியவன், பாழாய்ப்போன கணக்குதான் காலை வாரிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பெண் கேட்டுப் போன இடத்தில்கூட அது ஒரு பட்டம் போலச் செல்லுபடியானது.

அம்மாவின் தம்பியான என் மாமாவும் அப்படிச் சொல்லித்தான் பிளஸ் டூ தேறிய அத்தையைக் கட்டிக்கொண்டார். பாலக்கோட்டிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போகும் லாரியில் அவர் கிளீனர். டிரைவராகிவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஒருநாள் லாரி ஓனரே கூப்பிட்டுச் சொன்னார்.

"பழைய டிரைவர் நின்னுக்கறாராம்ப்பா. நீ லாரி ஓட்டறதுக்கு பேட்ஜ் எடுத்துட்டா வண்டி உனக்குத்தான். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தாப் போதும். நீதான் டென்த் வரைக்கும் போனவனாச்சே, டி.சி.ய எடுத்துட்டு வா."

டி.சி.யைக் கரையான் தின்றுவிட்டது என்றார் மாமா. அதனாலென்ன, பள்ளிக்கூடத்தில் நகல் வாங்கி வா என்றார் ஓனர். அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் தனியாக அழைத்தார். நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, உன்னோட எட்டாவது புக்கெல்லாம் வூட்ல இருக்குதா? மாமன் ஏழாவதோட நின்னுட்டேன். உங்கத்தைக்குக்கூடத் தெரியாது. வெளிய சொல்லிப்புடாத."

எட்டாவதைத் தனித்தேர்வாக எழுதலாம் என்று விசாரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் பாடம் நடந்தது. நான் இரக்கமே காட்டவில்லை. என்னை அடித்த டீச்சர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து மாமாவைப் பழிவாங்கினேன். ஒரு தப்புக்குப் பத்து தடவை இம்போசிஷன். ஆங்கிலத்தில் அவருக்கு நன்றாக வந்தது லீவு லெட்டர் ஒன்றுதான். லாரியில் ஒரு நாள் லீவு கேட்டறியாத மனிதர் அதை அத்தனை உருக்கமாக எழுதுவார்.

தருமபுரியில் பரீட்சை எழுதினார். ஐந்து பாடத்திலும் பாஸ். நான் குதித்தேன். மாமா மட்டும் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

"இதை எப்படிக் கண்ணு வெளிய காட்றது? டென்த் ஃபெயில் போயிடுமே!"

பாஸானதற்குப் பயப்படும் ஒரு ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆனால் காட்டாவிட்டால் லாரி இல்லை. மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே ஓனர் இருந்தார். பக்கத்தில் என் பெரியப்பாவும் இருந்தார். அவரும் டென்த் ஃபெயில். ஓனரிடம் நீட்டிய பட்டியலைப் பெரியப்பா பிடுங்கிப் பார்த்து, கடையே திரும்பும்படி சிரித்தார்.

"எட்டாவதா! ஏன்டா, டென்த் ஃபெயில்னு சொல்லித்தானடா பொண்ணு கட்டுன?"

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் தலையைக் குனியவில்லை.

"ஆமாங்க. டென்த் ஃபெயில்னு சொன்னது நானு. எட்டாவது பாஸுன்னு சொல்றது கவர்மெண்ட்டு."

ஓனர் எழுந்து வந்து மாமாவின் தோளில் தட்டினார். வண்டி உறுதியாகிவிட்டது. வீட்டில் அத்தை அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தார். "இங்கிலீசுல அறுவத்திரெண்டா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளே பாலக்கோட்டுக்கு பஸ் ஏறிப் போய் அதை லேமினேட் செய்து வந்து, கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். பேட்ஜ் வந்து மாமா முதல் லோடு எடுத்த அன்று ஊர் எல்லை தாண்டும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அது என் வெற்றியும்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அந்த வாரமே பெரியப்பா எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். "தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு வேணும்" என்று சொல்லி என் எட்டாவது கணக்குப் புத்தகத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்தடுத்து இன்னும் மூன்று டென்த் ஃபெயில்கள் வந்தார்கள். எல்லோரும் யாரோ ஒரு பையனுக்காகத்தான் கேட்டார்கள். நான் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எட்டாவது படிக்க இத்தனை பையன்கள் இருந்தும், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏன் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கிறது என்பதுதான் எனக்கு அப்போது புரியவேயில்லை.