அக்காவின் நார்மல் ரத்தம்

எங்கள் லேபில் ரத்தம் எடுப்பவருக்கு நோயாளிகள் வைத்த பெயர் ‘வலிக்காத அக்கா’. எட்டு வருடமாகப் பக்கத்தில் நிற்கிறேன், எந்தக் கையிலும் அவர் இரண்டாவது முறை குத்தியதில்லை. நான் குத்தினால் பிள்ளைகள் மட்டுமல்ல, தூக்கி வந்த அப்பன்மாரும் அழுவார்கள்.

புது மெஷின் வந்தால் முதலில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை வைத்து, எண் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் லேபில் அந்த ‘நார்மல்’ எப்போதும் அக்காவின் ரத்தம்தான். சர்க்கரை, உப்பு, கொழுப்பு எதுவும் பிசகாது. “கல்லு மாதிரி இருக்கேன், எடுத்துக்கோ தம்பி” என்று கையை நீட்டுவார்.

போன வருடம் அல்சைமர் பரிசோதனை வந்தது. மறதி தலைகாட்டுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே ஒரு புரதம் ரத்தத்தில் ஏறிவிடுமாம். வழக்கம்போல அக்காவின் ரத்தத்தை வைத்தேன். எண் எல்லையைத் தாண்டி நின்றது.

“டாக்டர், நார்மலே ஹையா வருது, மெஷின் கோளாறு!” என்று லேப் முழுக்கக் கேட்கக் கத்தினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். மெஷினில் ஒரு குறையும் இல்லை. மறுபடி வைத்தோம், அதே எண். அது யாருடைய ரத்தம் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

“இது நோய்னு அர்த்தம் இல்லம்மா. இன்னும் டெஸ்ட் பாக்கணும். சீக்கிரம் தெரிஞ்சது நல்லதுதான்” என்றார் டாக்டர்.

“யாருக்கு சார் நல்லது?” என்றார் அக்கா. பிறகு மெதுவாக, “ஊசியை மட்டும் என் கையிலிருந்து வாங்கிடாதீங்க” என்றார்.

டாக்டர் வாங்கவில்லை. ஆனால் வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அக்கா பேனாவைத் தேடினால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். மாதம் நாலு பேனா தொலைப்பவன் நான், என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் மாதம், காலையில் எடுத்த ரத்தத்தில் ஒரு குழாயில் பேர் ஒட்டவில்லை. டாக்டர் யாரையும் விசாரிக்காமல் நேராக அக்காவிடம் போனார். அக்கா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாத்துக்கும் ஒட்டினதாத்தான் ஞாபகம் சார்…” என்றவர் நிறுத்தினார். “என் ஞாபகத்தை நம்பி என்ன பண்றது? நான்தான் விட்டிருப்பேன்.”

ஊசித் தட்டை அவரே எடுத்துவந்து என் மேசையில் வைத்தார்.

ஒரு கிழவரின் கையில் மூன்று முறை குத்திய பதற்றத்தில், பேர் ஒட்டாமல் நான் விட்ட குழாய் அது. டாக்டர் போகும்வரை குனிந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா இப்போது வாசலில் ரிப்போர்ட் கொடுக்கிறார். இதுவரை ஒன்றுகூட ஆள் மாறிப் போனதில்லை.