பானெட்டில் கலையாத தூசி

காலை ஆறரை மணிக்குப் பென்னாகரம் பட்டறையில் முதலில் கண்ணில் பட்டது, ராணுவ ஏலத்தில் எடுத்த என் பழைய பிக்கப் வேனின் பானெட்டில் கலையாமல் கிடந்த தூசி. சக்கரங்களில்தான் புதிய கிரீஸ் கறை இருந்தது. ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போய்த் திரும்பும்போது மேட்டில் திணறாமலிருக்க, இழுவையைக் கூட்டச் சொல்லியிருந்தேன்.

"ஓட்டிப் பாருங்க, குதிரையாட்டம் போவும்" என்றார் மெக்கானிக்.

அப்படித்தான் போனது. பானெட்டைத் திறக்காமல், சக்கரங்களில் மட்டும் கைவைத்து இது எப்படி என்ற சந்தேகத்தில், சமதரையிலேயே பிரேக்கை மிதித்தேன். மிதி அடிவரை இறங்கியது. வண்டி ரோட்டோர மணல்குவியலில் ஏறித்தான் நின்றது.

ஓடிவந்த மெக்கானிக் பதறவில்லை. "பிரேக்கு புடிச்சிக்கிட்டே இருந்துச்சுங்க, அதான் வண்டி இழுக்கல. நல்லா லூஸ் பண்ணி உட்டேன். இப்ப இழுக்குதா இல்லீங்களா?"

"எறக்கத்துல உங்க குதிரைய யாருங்க புடிச்சு நிறுத்தறது?" என்றாள் உடன் வந்த என் மனைவி.

இப்போதெல்லாம் பட்டறையை விட்டு வண்டியை எடுக்கும்முன் பிரேக்கைத்தான் மிதித்துப் பார்க்கிறேன். அந்த ஆடிப் பதினெட்டுக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம்.